நகத்தளவு நுரையீரல்

புனோ, ஏரிக்கரைத் தெரு,
செப்டம்பர் மாதம், வெள்ளிக்கிழமை

அரேகிப்பா நகரில் மருந்துக்கடை வைத்து மனித குலத்துக்குத் தொண்டாற்றி வருபவரும், என் மனைவி பசிலியாவின் கூடப்பிறந்த ஒரே தம்பியும், அந்த ஒரு காரணத்தால் எனக்கு மைத்துனராகவும் வாய்த்துவிட்ட திருவாளர் எவரிஸ்தோ அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆய்வகச் சிப்பந்தி சத்துர்னினோ கட்டகோரா மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் தங்கள் தமக்கையும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அவ்விடம் தாங்களும் தங்கள் மனைவி மக்களும் அவ்வாறே விட்டுக்கொண்டிருக்க எங்கள் ஊர்க் கந்தேலாரியா மாதாவை வேண்டுகிறேன். தங்கள் கடையில் இருமல் மருந்து நன்றாக விற்க வேண்டும் என்றும், அதற்குத் தேவையான அளவு அந்த ஊர் ஜனங்கள் இரும வேண்டும் என்றும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். உருளைக்கிழங்கு இந்த வருடம் சுமார்தான்.

தாங்கள் போனை எடுக்காத காரணத்தால் இதைக் கடிதமாக எழுத நேர்ந்தது. பதினான்கு தடவை அடித்தேன். பதினான்காவது தடவை தங்கள் மனைவி எடுத்து, தங்களுக்கு ஏரிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் படுக்கையில் இருப்பதாகச் சொன்னார். தங்கள் ஊரில் ஏரியே கிடையாது என்பதை அந்த அம்மாளுக்கு நினைவுபடுத்த நான் விரும்பவில்லை. நல்ல பெண்மணி. வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் அக்காவின் பிறந்த நாளுக்குத் தாங்கள் வந்ததும், மூன்று பொரித்த டிரவுட் மீனைத் தின்றுவிட்டு, நான் மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்து இளைத்ததைப் பார்த்து, "மாமா, உங்க மாரு குக்கர் மாதிரி விசில் அடிக்குதே, தவளைச் சாறு குடிக்கிறீங்களா இல்லையா?" என்று கேட்டதும் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் முப்பத்தோரு வருடம் பார்மலின் நெடியில் நின்று, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்காகத் தவளை அறுத்துக் கொடுத்தவன். ரத்தத்தைப் பார்த்தால் வாத்தியாருக்கு மயக்கம் வரும். அவர் சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவார். இது இரைப்பை, இது ஈரல், மூன்று மடல், இது பித்தப்பை, பச்சையாக இருக்கும், உடைத்துவிடாதே மடையா என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் நான்தான். அந்த நெடியில் வாங்கியதுதான் இந்த இளைப்பு. ஆகவே தங்கள் யோசனைக்கு நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். ஆனால் தாங்கள் சும்மா இருக்கவில்லை. அக்காவைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், சந்தையில் ஒரு கடை, ஒரு மிக்ஸி, வாரம் ஒரு பெட்டி தவளை, அவ்வளவுதான் வேண்டும் என்று காதில் ஓதினீர்கள். ஏரித் தவளையைப் பிடித்தால் போலீஸ் பிடிக்குமே என்று அவள் கேட்டதற்கு, அரசாங்க அனுமதியோடு ஏரித் தவளை வளர்க்கிற சிநேகிதர் ஒருவர் தங்களுக்கு இருப்பதாகவும், அவரிடமிருந்து வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிடுவதாகவும் சொன்னீர்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பாலைவனத்து ஓரத்திலிருந்து, ஏரித் தவளை வருகிறது! அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், யோசிக்கவில்லை.

அப்புறம் அந்தத் துண்டறிக்கை. "நுரையீரலைத் திறக்கும் ஏரித் தவளைச் சாறு" என்று போட்டு, கீழே "டாக்டர் எவரிஸ்தோ" என்று அச்சடித்து ஒரு கட்டு அனுப்பினீர்களே. தாங்கள் எந்த வருடம் டாக்டர் ஆனீர்கள் என்று நான் பசிலியாவைக் கேட்டேன். "அவன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டுதான நிக்கிறான்" என்றாள். சந்தையில் ஆட்டுக்கறி வெட்டுகிறவனும் வெள்ளைக் கோட்டுதான் போடுகிறான், மச்சான். அவன் குறைந்தபட்சம் வெட்டுவது ஆடு என்று தெரிந்து வெட்டுகிறான்.

கடை திறந்தாயிற்று. பலகையில் சிவப்பு மையில் "உண்மையான ஏரித் தவளை" என்று எழுதியாயிற்று. தவளைகள் தலையும் தோலும் இல்லாமல், உள்ளே இருப்பது உள்ளபடி, ஐஸ் கட்டியோடு கட்டியாக வரும். பசிலியா அவற்றைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சுத்தம் பண்ணி, வேகவைத்து, மக்காக் கிழங்கு மாவு, தேன், காடை முட்டை, கொஞ்சம் கறுப்பு பீர் எல்லாம் போட்டு மிக்ஸியில் அடிப்பாள். எனக்குத் திரைக்குப் பின்னால் அனுமதி இல்லை. "நீ உள்ள வந்தா ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுப் பாடம் எடுப்ப. முட்டையை உரி, வாயை மூடு" என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்துவிட்டாள். பதினோரு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் லாரி டிரைவர் தெயோஃபிலோ வந்தான். பெரிய ஆள், ஆனால் லாரியிலிருந்து கடைக்கு நடந்து வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. "அக்கா, இது நுரையீரலுக்கு நல்லதாக்கா?" என்று பாவமாகக் கேட்டான். பசிலியா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். என்னால் முடியவில்லை மச்சான், முப்பத்தோரு வருடப் பழக்கம்.

"தம்பி, ஏரித் தவளைக்கே நுரையீரல் கிடையாது" என்றேன். "பேருக்கு ரெண்டு இருக்கு. என் கட்டைவிரல் நகத்தைப் பாரு, இவ்வளவுதான் இருக்கும். மத்த தவளைக்கெல்லாம் பை மாதிரி தொங்கும், இதுக்குச் சுருங்கிப்போச்சு. ஏரிக்கு அடியிலேயே கெடக்குது, மேல வந்து காத்து வாங்குறதே இல்ல. அதுக்கே இல்லாத நுரையீரலை அது உனக்கு எப்படிக் குடுக்கும்?"

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். பசிலியா தொப்பியைக் கழற்றி வைத்தாள். அவள் பவுலர் தொப்பியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்று தங்களுக்கும் தெரியும், தாங்களும் சின்ன வயதில் வாங்கியிருக்கிறீர்கள். தெயோஃபிலோ என் கட்டைவிரலைப் பிடித்து நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சொல்கிறான்: "நுரையீரலே இல்லாம உசுரோட இருக்குதா! யம்மா, அது எப்பேர்ப்பட்ட பிராணியா இருக்கணும்! அக்கா, எனக்கு ரெண்டு டம்ளர் போடு. பெருசு."

உடனே எல்லாருக்கும் ரெண்டு டம்ளர் வேண்டும் என்றார்கள். பதினோரு மணிக்கே அன்றைய சரக்கு காலி. பசிலியா தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணம் ஆன வருடத்தில் பார்த்தது. "யோவ், நாளைக்கும் வந்து அந்த நகத்தைக் காட்டு" என்றாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று நினைத்துத்தானே சொன்னேன்? அது எழுந்து உட்கார்ந்தால் நான் என்ன பண்ணுவது? சரி, இன்னும் பெரிய உண்மையாகச் சொல்வோம் என்று மறுநாள் ஆரம்பித்தேன். "கேளுங்க சாமிகளா. ஏரித் தவளைக்கு மூச்சு தோல்லதான் இருக்கு. அதனாலதான் அது தோலு நாலு சைஸ் பெரிய கோட்டு போட்ட மாதிரி மடிப்பு மடிப்பாத் தொங்கும். அந்தத் தோலை உரிச்சுத் தூரப் போட்டுட்டுதான் இங்க அனுப்புறாங்க. நீங்க குடிக்கிறது மூச்சை எடுத்துட்டு மிச்சம் இருக்கிற தவளை." இதற்கு ஒருத்தராவது டம்ளரைக் கீழே வைக்க வேண்டுமா இல்லையா? கம்பளி விற்கிற ஒரு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பசிலியாவிடம் சண்டைக்குப் போனாள். "அப்ப இத்தனை நாளும் மூச்சைக் குப்பையில போட்டுட்டுச் சக்கையை வித்தியாடி? எனக்குத் தோலோட வேணும்!"

அன்று சாயங்காலமே பசிலியா தங்களுக்குப் போன் போட்டாள். அப்போதெல்லாம் தாங்கள் போனை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த பெட்டியோடு ஒரு ஜாடி வந்தது. தோல் அனுப்பு என்றால் தோல் வரவில்லை, தோல் விழுது வந்தது. சாம்பல் நிறம், பசை மாதிரி, மூடியைத் திறந்தால் ஈரச் செருப்பு வாசனை. தோலை ஏன் அரைத்து அனுப்ப வேண்டும், முழுசாக அனுப்பினால் என்ன கெட்டுப்போகும் என்று நான் கேட்டதற்கு, "என் தம்பி டாக்டரு, எல்லாம் ஒரு கணக்கோடதான் பண்ணுவான்" என்றாள். மறுநாளிலிருந்து "தோலோடு ஸ்பெஷல்" என்று பலகையில் இன்னொரு வரி.

இதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கோபத்தில் ஒருநாள், ஏரிக்கு அடியில் மூச்சு பத்தாமல் போனால் அந்தத் தவளை என்ன செய்யும் தெரியுமா, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு தண்டால் எடுக்கும், அப்போதுதான் தோல் மடிப்பு ஆடி அதில் புதுத் தண்ணீர் படும் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். விவரத்துக்காகச் சொன்னது. மறுநாள் காலை நான் வந்து பார்த்தால் கடைக்கு முன்னால் ஒன்பது பேர் தரையில் குப்புறக் கிடந்து தண்டால் எடுக்கிறார்கள். முதல் ஆள் போக்குவரத்துப் போலீஸ் சார்ஜென்ட் சிரீலோ, தொப்பியைப் பக்கத்தில் கழற்றி வைத்திருக்கிறார். பசிலியா கரண்டியால் டம்ளரைத் தட்டி எண்ணுகிறாள். "குடிச்சுட்டுப் பத்து. பத்துக்குக் கம்மின்னா பலிக்காது." அந்த வழியாகப் போன பாதிரியார் புதுசாக ஏதோ மதம் வந்துவிட்டது என்று பயந்து, இரண்டு தடவை சிலுவை போட்டுக்கொண்டு தெருவை மாற்றிப் போனார். இதில் கொடுமை என்னவென்றால், தெயோஃபிலோவுக்கு நிஜமாகவே மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது. இருபது வருடமாக லாரி சீட்டை விட்டு எழுந்திருக்காதவன் தினம் பத்து தண்டால் எடுத்தால் குறையாமல் என்ன செய்யும்? அதை எடுத்துச் சொன்னேன். "பொறாமைப்படாதீங்க புரொபசரே" என்றான். ஆமாம், ஊரே என்னைப் புரொபசர் என்றுதான் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் "ஏய் சத்துர்னினோ, வாளியைக் கொண்டா" என்றுதான் கூப்பிட்டார்கள். தவறு என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. இதைத் தங்களிடம் மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் மேயர் பதவிக்கு நிற்கிற எர்மோகெனஸ் பில்கோ ஓட்டுக் கேட்டுச் சந்தைக்கு வந்தார். தெரியுமே, கழுத்து இல்லாத ஆள், தலையை நேராகத் தோளில் வைத்துத் தைத்த மாதிரி இருப்பார். பின்னால் பித்தளை வாத்தியக் கோஷ்டி. காலையிலிருந்து எந்தக் கடையில் எதைக் கொடுத்தாலும் தின்றுகொண்டே வருகிறார். பன்றிக்கறி, மீன், சீஸ், அவித்த மக்காச்சோளம். வேண்டாம் என்றால் ஒரு ஓட்டுப் போச்சே! எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றதும் கூட்டம் என்னைப் பார்த்து, "புரொபசரே, தலைவருக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றது. அவர் சீஸ் விழுங்கிக்கொண்டிருந்தார். விழுங்கும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுகிறார். எனக்குச் சட்டென்று வாயில் வந்துவிட்டது. "தலைவர் முழுங்குறது அப்படியே தவளை மாதிரி. தவளைக்கு மெல்லுற பல்லு கிடையாது. வாயில போட்டதும் கண்ணு ரெண்டையும் உள்ள இழுத்து, அந்தக் கண்ணாலயே இரையைத் தொண்டைக்குள்ள தள்ளும்." கூட்டம் சிரித்தது. அவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டினார். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "ஆகாததைத் தின்னுட்டா தவளை நம்ம மாதிரி அவஸ்தைப்படாது. இரைப்பையையே வாய் வழியா வெளிய கவுத்து, வலது கையால தொடைச்சுட்டுத் திரும்ப உள்ள முழுங்கிக்கும்" என்றும் சொன்னேன். அறிவியல், மச்சான். ஒரு எழுத்து பொய் கிடையாது.

பசிலியா "தோலோடு ஸ்பெஷல்" பெரிய டம்ளர் நீட்டினாள். அவர் மண்மாதாவுக்கு என்று முதல் சொட்டைத் தரையில் சிந்திவிட்டு, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார். கைதட்டல். டிரம் அடித்தது. கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். பச்சையாக ஆனார். பக்கத்தில் டியூபாக்காரன், அண்டா மாதிரி வாய் வைத்த வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, பன்றிக்கறியிலிருந்து தொடங்கி அன்றைய பிரச்சாரம் முழுவதையும் அதற்குள்ளே கொட்டினார். தங்கள் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? பெஞ்சு மேல் ஏறி நின்று, "பாத்தீங்களா! தவளை மாதிரியே வயித்தைக் கவுத்துக் கழுவிட்டாரு! ஆகாததெல்லாம் வெளிய!" என்று கத்தினாள். கூட்டம் ஒரே குரலாக, "வலது கை! வலது கை!" என்று கோஷம் போட்டது. அந்த மனுஷனும் வேறு வழியில்லாமல் வலது கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்கிக் காட்டினார். டியூபாக்காரன் மட்டும் அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் பேப்பரில் படம். எதிர்க்கட்சிக்காரன் விடுவானா? டியூபாவும் தலைவரும் நடுவில், மேலே பலகை தெளிவாகத் தெரிகிறது, சிவப்பு மையில் "உண்மையான ஏரித் தவளை". திங்கட்கிழமை காலை சுற்றுச்சூழல் போலீஸ் வந்துவிட்டது. ஐஸ் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, சுற்றி மஞ்சள் பட்டை கட்டி, அரசு வக்கீலம்மா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். ஒல்லியான, சிரிக்கத் தெரியாத அம்மாள். ஏரித் தவளை காப்பாற்ற வேண்டிய பிராணி, விற்றால் மூன்று வருடம் ஜெயில் என்று படித்தார். பசிலியா தங்கள் சிநேகிதரின் அனுமதிப் பத்திரம் பற்றிச் சொன்னாள். எங்கே காட்டு என்றார்கள். தங்களுக்குப் போன் போட்டாள். அன்றைக்குத்தான் தங்களுக்கு ஏரிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் போயிற்று.

தலையும் தோலும் இல்லாமல் கிடக்கிற இது என்ன தவளை என்று நிச்சயம் பண்ண ஒரு நிபுணர் வேண்டும், அவர் வருகிற ரோட்டில் மறியல், இரண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் இந்த அம்மாளை உள்ளே வைக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. காவலுக்கு நின்ற சார்ஜென்ட் சிரீலோ, நல்லெண்ணத்தில்தான், குறுக்கே விழுந்து, "எதுக்கு மேடம் ரெண்டு நாள்? புரொபசர் இங்கயே நிக்கிறாரே" என்றார். கூட்டமும், "ஆமா, ஆமா, நகத்தைக் காட்டுவாரு" என்றது.

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "ஏரித் தவளைக்கு நுரையீரல் நகத்தளவுதான், மத்த தவளைக்குப் பை மாதிரி இருக்கும்னு ஊர் முழுக்கச் சொன்னது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"அப்ப அறுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்ல?"

"தெரிஞ்சிரும்."

மச்சான், என் சட்டைப் பையில் பள்ளிக்கூடத்துக் கத்தரிக்கோல் இருந்தது, ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. அதை எடுக்கும்போது பசிலியாவைப் பார்த்தேன். சால்வை முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். என்னிடம் கெஞ்சவில்லை. "உள்ளதைச் சொல்லு. முப்பத்தஞ்சு வருஷமா என் உசுரை வாங்கினது அதுதான, இன்னிக்கு மட்டும் என்ன?" என்றாள். குரல் கெத்தாகத்தான் இருந்தது, முடிச்சுதான் கட்டவே வரவில்லை. அப்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உள்ளே நகத்தளவு இருந்தாலும் பை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடுவது. ஐஸில் சுருங்கிவிட்டது, பார்மலின் போட்டால் விரியும், மற்றவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாது என்று ஏதாவது கதை விடுவது. வாழ்க்கையில் தவளையைப் பற்றி ஒரு பொய் சொன்னதில்லை. சம்பளத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், குடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், தவளையைப் பற்றிக் கிடையாது. மார்பு விசில் அடிக்க ஆரம்பித்தது. வயிற்றில் கத்தரியை வைத்து மேலே வெட்டி, ஈரலை ஒதுக்கினேன்.

பை, மச்சான். இரண்டு பக்கமும் ரோஸ் நிறத்தில், தேனடை மாதிரி உள்ளே அறை அறையாக, தண்ணீர்ப் பை மாதிரி நீளமாகத் தொங்குகிறது. ஏரித் தவளையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காட்டுப் பக்கத்துப் பண்ணையில் கறிக்கு வளர்க்கிற, எவன் வேண்டுமானாலும் விற்கக்கூடிய, கொழுத்த வெறும் தவளை! எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னய்யா, என்ன தெரியுது?" என்று வக்கீலம்மா அதட்டுகிறார். பேனாவைப் பிரித்து, வெறும் குழாயை மூச்சு ஓட்டையில் சொருகி, இருக்கிற மூச்சை எல்லாம் கூட்டி ஊதினேன். முதல் ஊதலில் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் கண் இருட்டியது. இரண்டாவதில் லேசாக அசைந்தது. மூன்றாவதில் இரண்டும் பலூன் மாதிரி எழும்பி நின்றன. கூட்டம் "ஹா" என்றது. வக்கீலம்மா குனிந்து பார்த்து, என் நகத்தையும் பார்த்து, எழுதிக்கொண்டு, மஞ்சள் பட்டையை அவிழ்க்கச் சொன்னார். மீதி பதினாறு தவளையையும் அறுத்தோம். பதினாறும் பை.

இனிமேல் மரியாதையெல்லாம் எனக்கு வராதுப்பா எவரிஸ்தோ. உங்க அக்கா ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சா, சரி. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவாள்னு பார்த்தேன். தொப்பியைக் கழட்டினா. "ஜெயில்னா மூணு வருஷம்யா. ஏமாத்துக்காரின்னா சாகுற வரைக்கும். சந்தை முழுக்கப் பாக்குற மாதிரி ஊதிக் காட்டணுமா? காதுல சொல்லத் தெரியாதா?" ன்னா. உன் தம்பிதான்டி ஏமாத்தினான்னு சொன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "என் தம்பி நல்ல தவளையாத்தான் அனுப்பியிருப்பான். சின்னதா இருந்ததை நீதான் ஊதி ஊதிப் பெருசாக்கிட்ட." முப்பத்தோரு வருஷம் அறுத்தவன்கிட்ட இதைச் சொல்றா! அன்னிலேர்ந்து பதினோரு நாளா என்கூடப் பேச்சு இல்ல. சாப்பாடு காய்ஞ்ச உருளைக்கிழங்கும் வெந்நீரும். அவளுக்காகப் பொய் சொல்லத் தயாரா இருந்தேன்னு அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா, "அப்ப என்னை ஏமாத்துக்காரின்னுதான நெனச்ச?" ம்பா. உன்கிட்ட சொல்றேன், நீ அதைப் போய் அவகிட்ட சொல்லிடாத.

கடை பூட்டிக் கிடக்கு. கம்பளிக்காரி தினமும் வாசல்ல வந்து நின்னு, தான் குடிச்ச தோல் எந்தத் தோல்னு கேக்குறா. அந்த ஜாடியில இருந்தது என்னன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் தைரியம் இல்ல. மேயர் வேட்பாளர் மானநஷ்டம் போடுறேங்கிறார். டியூபாவிலேர்ந்து இன்னமும் சுருதி சரியா வரலையாம். இத்தனைக்கும் காரணமான நீ அங்க போர்வை போத்திக்கிட்டுப் படுத்திருக்க.

ஆகவே, கீழ்க்கண்டவற்றை நீ உடனே செய்யணும். ஒண்ணு, நேர்ல வந்து, சந்தை நடுவுல பெஞ்சு மேல ஏறி, அக்காவை ஏமாத்தினது நான்தான்னு சொல்லணும். அப்புறம், பேருக்கு முன்னாடி போட்டிருக்கிற அந்த டாக்டரை எடுக்கணும். அப்புறம் இந்த ஜென்மத்துல எங்களுக்குத் தவளைன்னு ஒரு வாலைக்கூட அனுப்பக் கூடாது. வால் தலைப்பிரட்டைக்குத்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும், அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். தவளைக்கு உடம்புல உள்ளதெல்லாம் வெளிய வர்றதுக்குப் பின்னாடி ஒரே வாசல்தான், முட்டையும் மூத்திரமும் மலமும் எல்லாம் அதுவழிதான். உன் வாக்குறுதி, உன் துண்டறிக்கை, உன் அனுமதிப் பத்திரம் எல்லாம் எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு. பெரியவங்களுக்கு மரியாதை குறைஞ்சு எழுதுறதா நினைக்காதே, இது உடற்கூறு.

இவ்விதமாக, தங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் என் ஆசிகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் மூத்த மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவரட்டும், மருந்துக்கடைக்காரன் மட்டும் வேண்டாம். தங்கள் மனைவிக்கு என் விசேஷமான அனுதாபம். தாங்கள் நீண்ட ஆயுளோடு இருந்து, நான் மேலே எழுதியதையெல்லாம் பல முறை படிக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

தங்கள் அக்காள் புருஷன்,
சத்துர்னினோ கட்டகோரா

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): தபால் ஆபீஸில் வேலைநிறுத்தம் ஆனதால் இந்தக் கடிதம் நாலு நாளாக என் பையிலேயே இருந்தது. இதற்கிடையில் ஒரு சிறு மாற்றம். நேற்றுக் காலை தெயோஃபிலோ வந்து கதவைத் தட்டினான். "அக்கா, நான் ரோடு பூரா யோசிச்சேன். நகத்தளவு நுரையீரல் இருக்கிற தவளையே நம்மளை இவ்வளவு நல்லாக்கும்னு நெனச்சோமே, இம்மாம் பெரிய நுரையீரல் இருக்கிற தவளை என்ன பண்ணும்! புரொபசர் ஊதினப்ப என் கண்ணாலயே பாத்தேன்" என்றான். அவனுக்குப் பின்னால் பதினேழு பேர், அதில் கம்பளிக்காரியும் உண்டு. பசிலியா பலகையைத் துடைத்துவிட்டு, "பெரிய நுரையீரல் தவளை, நிபுணர் முன்னிலையில்" என்று எழுதியிருக்கிறாள், இந்தத் தடவை பச்சை மை. நிபுணர் என்பது நான். தினமும் பத்து மணிக்கு ஒன்று அறுத்து ஊதிக் காட்ட வேண்டும். இன்று, அன்றைக்கு அறுத்து ஐஸில் போட்டு வைத்ததிலேயே நாலு ஊதினேன், ஜனங்கள் விடவில்லை. படியேறி வந்தபோது மார்பில் விசிலே இல்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். இன்று மத்தியானம் டிரவுட் மீன் பொரித்துப் போட்டாள்.

ஆகவே வியாழக்கிழமை பஸ்ஸில் இரண்டு பெட்டி அனுப்பவும். பெரியதாகப் பார்த்து அனுப்பவும். துண்டறிக்கை புதிதாக அடிக்கும்போது, தங்கள் பேருக்குக் கீழே என் பேரையும் போடலாம், முன்னால் "புரொபசர்" என்று இருக்கட்டும். நேரில் வந்து பெஞ்சு மேல் ஏறத் தேவையில்லை, பெஞ்சில் இப்போது இடமும் இல்லை.

மேலே உள்ள கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். கையெழுத்து ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, மனசு வரவில்லை. அனுப்புகிறேன். படிக்க வேண்டாம்.